ஹோம் தியேட்டருக்கு ஸ்பீக்கரும் ரிசீவரும் தேர்வு செய்வது எப்படி: அறையில் தொடங்கி ரிசீவரில் முடியும் முழு வழிகாட்டி

ஹோம் தியேட்டர் அமைக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் ரிசீவரைத்தான் (கருவிகளின் ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) வாங்குகிறார்கள். பெட்டியில் பெரிய வாட் எண், நிறைய லோகோக்கள், தள்ளுபடி என்றதும் கை அதற்குப் போய்விடுகிறது. பிறகு மிச்சப் பணத்துக்கு ஸ்பீக்கர் தேடுகிறார்கள். கடைசியில் அறைக்குள் எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும்.

எந்த ஸ்பீக்கர், எத்தனை ஸ்பீக்கர் என்பதை அறை முடிவு செய்கிறது. எத்தனை சேனல் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாகப் போகும் ஒலி), எவ்வளவு திறன், எத்தனை ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கரைத் தாங்கும் ரிசீவர் என்பதை ஸ்பீக்கர்கள் முடிவு செய்கின்றன. அதனால் ரிசீவர் கடைசியில்தான் வர வேண்டும்.

1. கடைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் அளவு நாடா. அறையின் நீளம், அகலம், உயரம், கதவு, ஜன்னல், பிளக் பாயின்ட், சோஃபா எல்லாம் குறித்த வரைபடம். டிவியின் மாடல் எண். இணைக்கப்போகும் கருவிகளின் பட்டியல்: செட்-டாப் பாக்ஸ், கேம் கன்சோல், டிஸ்க் பிளேயர், ஸ்ட்ரீமிங் பெட்டி. மொத்தம் எவ்வளவு செலவழிக்கலாம் என்ற ஓர் எண். வயர், ஸ்டாண்டு, சுவர் பிராக்கெட் எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். இவற்றை மறந்துவிட்டுப் பட்ஜெட் போடுபவர்கள் கடைசியில் பக்கவாட்டிலும் பின்னாலும் வைக்க வேண்டிய சரவுண்ட் ஸ்பீக்கரை அலமாரி மேல் வைக்கிறார்கள்.

2. அறையை அளந்து, உட்காரும் இடத்தை முடிவு செய்யுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 5 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 52.5 கன மீட்டர். அறை ஒரு பக்கம் சாப்பாட்டுக் கூடத்துக்குத் திறந்திருந்தால் அந்தக் கூடத்தையும் கணக்கில் சேருங்கள். தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் நிரப்ப வேண்டியது அந்த முழுக் காற்றையும்தான்.

அடுத்தது சோஃபா. தாழ்ந்த அதிர்வெண் ஒலி, அதாவது பாஸ், அறையின் இரு சுவர்களுக்கிடையே நிலையலையாக (நகராமல் ஒரே இடத்தில் அதிரும் அலையாக) நிற்கும். 343-ஐ (ஒலி ஒரு நொடியில் கடக்கும் மீட்டர்) நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் நிலையலையின் அதிர்வெண் கிடைக்கும். 5 மீட்டர் அறைக்கு அது ஏறக்குறைய 34 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண் சுவரோரத்தில் மிகப் பலமாகவும் அறையின் நட்ட நடுவில் ஏறக்குறைய இல்லாமலும் கேட்கும். எனவே சோஃபாவைப் பின்சுவரில் ஒட்டினால் பாஸ் உறுமும், சரியாக நடுவில் போட்டால் காணாமல் போகும். பின்சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போடுவது நல்ல தொடக்கம். அவ்வளவு முடியாவிட்டாலும் அரை மீட்டர் முன்னே இழுப்பது காதுக்குத் தெரியும் அளவுக்கு மாற்றம் தரும்.

சோஃபாவிலிருந்து டிவி வரையான தூரத்தையும் எழுதி வையுங்கள். 6-வது படியில் தேவைப்படும்.

3. எத்தனை சேனல் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்

5.1.2 என்றால் காது மட்டத்தில் 5 ஸ்பீக்கர், 1 சப்வூஃபர், உயரத்தில் 2 ஸ்பீக்கர். நடு எண் சப்வூஃபரைக் குறிக்கும், கடைசி எண் தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் போன்ற ஒலி வடிவங்களுக்கான உயர ஸ்பீக்கர்களை.

சோஃபா பின்சுவரில்தான் இருந்தாக வேண்டுமென்றால், பின்னால் இரண்டு ஸ்பீக்கர் கூடுதலாக வரும் 7.1 வேண்டாம். பின் ஸ்பீக்கர்களுக்கும் தலைக்கும் நடுவே குறைந்தது ஒரு மீட்டராவது இல்லாவிட்டால், அவை காதுக்குள் கத்துவதைத் தவிர வேறொன்றும் செய்யா. அந்தப் பணத்தை முன்பக்க ஸ்பீக்கரில் போடுங்கள். சுமாரான ஏழு ஸ்பீக்கரைவிட நல்ல ஐந்து எப்போதும் மேல். இடமே இல்லையென்றால் இடது, சென்டர், வலது, சப்வூஃபர் என்ற 3.1-ல் தொடங்கலாம். சரவுண்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், ரிசீவர் மாறாது.

உயர ஸ்பீக்கர் வேண்டுமென்றால் சீலிங்கைப் பாருங்கள். சீலிங்கில் பொருத்துவதே சிறந்தது. மேல் நோக்கி ஒலியை அடித்துத் திருப்பும் வகை ஸ்பீக்கருக்குத் தட்டையான, கடினமான, 2.3 முதல் 3.7 மீட்டர் வரை உயரமுள்ள சீலிங் தேவை. சரிவான கூரையிலும் ஒலியை உறிஞ்சும் டைல் போட்ட சீலிங்கிலும் அந்த வகை வீண்.

4. பணத்தைப் பிரியுங்கள்

முன்பக்க மூன்று ஸ்பீக்கருக்கு 40 சதவீதம், சப்வூஃபருக்கு 20, ரிசீவருக்கு 25, மீதி சரவுண்டுக்கும் வயர், ஸ்டாண்டுக்கும். இது இரும்புச் சட்டமில்லை. ஆனால் ரிசீவர் பாதிப் பணத்தை விழுங்கினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. நல்ல ஸ்பீக்கர் 20 ஆண்டு ஓடும். ரிசீவரோ ஒவ்வொரு புது எச்டிஎம்ஐ தரத்துக்கும் பழையதாகிவிடும்.

5. முன்பக்க மூன்று ஸ்பீக்கர்கள்

இடது, சென்டர், வலது மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே சீரிஸாக இருக்கட்டும். ஒரு கார் திரையின் இடமிருந்து வலமாகப் போகும்போது அதன் சத்தம் மூன்று ஸ்பீக்கரையும் கடக்கிறது. நடுவில் மட்டும் ஒலியின் குணம் மாறினால் காட்சி உடைந்துவிடும். சரவுண்டில் இந்தப் பொருத்தம் இவ்வளவு கறாராக வேண்டியதில்லை.

மூன்றில் முக்கியமானது சென்டர். படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. பணம் குறைந்தால் இடது, வலதில் தரையில் நிற்கும் உயரமான டவருக்குப் பதில் சிறிய புக்‌ஷெல்ஃப் எடுங்கள், சென்டரில் குறைக்காதீர்கள். சப்வூஃபர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பார்த்துக்கொள்ளும்போது, டவரின் கூடுதல் பாஸ் பெரும்பாலும் வேலையில்லாமல் நிற்கும்.

சென்டர் ஸ்பீக்கரில் ஒரு நுட்பம் உண்டு. படுக்கை வாட்டில் தாழ்ந்த ஒலிக்கு இரண்டு வூஃபர், நடுவில் உயர்ந்த ஒலிக்கு ஒரு ட்வீட்டர் என்ற வடிவமே சந்தையில் அதிகம். நேர் எதிரே உட்கார்ந்தால் இது நன்றாகவே ஒலிக்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் இரண்டு வூஃபரிலிருந்தும் வரும் ஒலி வெவ்வேறு தூரம் கடந்து வருவதால், குரல் இருக்கும் நடு அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழிக்கும். சோஃபா ஓரத்தில் இருப்பவர் “என்ன சொன்னான்?” என்று கேட்பதன் காரணம் பல வீடுகளில் இதுதான். மூன்று நான்கு பேர் சேர்ந்து பார்ப்பீர்களென்றால், ட்வீட்டருக்குக் கீழே நடு அதிர்வெண்களுக்கென்று தனி மிட்ரேஞ்ச் டிரைவர் வைத்த மூவழி சென்டரைத் தேடுங்கள். டிவிக்குக் கீழே இடமிருந்தால் இடது, வலதில் உள்ள அதே புக்‌ஷெல்ஃபை நிமிர்த்தி வைப்பது இன்னும் நல்லது.

கடையில் சோதிக்கும்போது செய்தி வாசிப்பு போன்ற வெறும் பேச்சைப் போடச் சொல்லுங்கள். நேரே ஒரு நிமிடம் கேளுங்கள், பிறகு இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து கேளுங்கள். குரல் மெலிந்தால் அடுத்த மாடலுக்குப் போங்கள். வெடிச் சத்தத்தைப் போட்டுக் காட்டினால் எல்லா ஸ்பீக்கரும் அசத்தலாகத்தான் இருக்கும்.

6. சென்சிடிவிட்டி, ஓம்: எண்களைப் படிக்கும் முறை

ஸ்பீக்கர் பெட்டியில் “200 வாட்” என்று போட்டிருப்பது அது தாங்கக்கூடிய அளவு. அது எவ்வளவு சத்தம் தரும் என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது சென்சிடிவிட்டி: 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் 2 வாட் ஆகிவிடும். எனவே 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணிலிருந்து 3 டெசிபல் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 87 டெசிபல், 8 ஓம் ஸ்பீக்கர். சோஃபா 3 மீட்டரில். திறந்த வெளிக் கணக்குப்படி 3 மீட்டரில் 9.5 டெசிபல் குறையும் (அறைக்குள் இழப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவு, பாதுகாப்புக்கு முழுதாக எடுத்துக்கொள்வோம்). அதாவது 1 வாட்டுக்கு 77.5 டெசிபல். திரையரங்க அளவுகோலில் ஒரு முதன்மைச் சேனலின் உச்சம் 105 டெசிபல். வீட்டில் பலரும் அதைவிட 10 டெசிபல் குறைத்துத்தான் கேட்பார்கள், ஆக 95. தேவைப்படும் கூடுதல் 17.5 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாக வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்காக வேண்டும். விடை ஏறக்குறைய 56 வாட்.

இப்போது 90 டெசிபல் ஸ்பீக்கரைப் போடுங்கள். 28 வாட் போதும். ஸ்பீக்கரில் 3 டெசிபல் கூடினால் ரிசீவரின் திறன் இரு மடங்கான மாதிரி. மாறாக 100 வாட் ரிசீவரை விட்டு 120 வாட் ரிசீவர் வாங்கினால் கிடைப்பது 0.8 டெசிபல். காதுக்குப் பிடிபடாது.

ஓம் விஷயத்தில், 6 அல்லது 8 ஓம் ஸ்பீக்கர் எல்லா ரிசீவருக்கும் எளிது. 4 ஓம் என்றால் அதிக மின்னோட்டம் இழுக்கும். அதைத் தாங்கும் என்று ரிசீவரின் கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள்.

7. சரவுண்ட் மற்றும் உயர ஸ்பீக்கர்

5.1 அமைப்பில் சரவுண்ட் ஸ்பீக்கர் பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னால் இருக்க வேண்டும்: நேர் முன்னே 0 டிகிரி என்றால் 110 முதல் 120 டிகிரியில், காதுக்குச் சற்று மேலே. சோஃபாவில் பக்கத்தில் இருப்பவரின் தலை மறைக்காத உயரம் என்று நினைவில் வையுங்கள். 7.1 என்றால் பக்க ஸ்பீக்கர் 90 முதல் 110 வரை, பின் ஸ்பீக்கர் 135 முதல் 150 வரை. முன்பக்க இடது, வலது ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரி.

உயர ஸ்பீக்கர் இரண்டே இரண்டு என்றால் தலைக்கு நேர் மேலே அல்லது கொஞ்சம் முன்னே. அட்மாஸ் வைக்கும் எண்ணமிருந்தால் சரவுண்டைச் சுவரின் உச்சியில் ஏற்றாதீர்கள். மேலும் கீழும் ஒன்றாகக் கேட்டால் உயரம் என்ற உணர்வே வராது.

8. சப்வூஃபர்

அங்குலத்தை மட்டும் பார்க்காதீர்கள். எந்த அதிர்வெண் வரை இறங்குகிறது, அதுவும் 3 டெசிபல் இழப்புக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள். வெறும் “20 ஹெர்ட்ஸ்” என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. 10 டெசிபல் இழந்து 20-ஐத் தொட்டாலும் அப்படி அச்சிடலாம்.

மூடிய பெட்டி சிறியது, பாஸ் இறுக்கமாக வரும். போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்த பெட்டி பெரியது, அதே செலவில் இன்னும் ஆழமாகவும் பலமாகவும் இறங்கும். ஏறக்குறைய 40 கன மீட்டர் வரை நல்ல 10 அங்குல மூடிய சப்வூஃபர் போதும். 70-ஐத் தாண்டினால் 12 அங்குலப் போர்ட் வகை, அல்லது இரண்டு சப்வூஃபர். இரண்டு வைப்பதன் பெரிய லாபம் சத்தம் கூடுவதில் இல்லை. அறையின் நிலையலைகளை இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து தூண்டுவதால், சோஃபாவின் எல்லா இருக்கையிலும் பாஸ் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும்.

உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்களோடு ஒரு சப்வூஃபர் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கும் செட்களில் ஒரு சிக்கல் உண்டு. சின்ன ஸ்பீக்கரால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காக இறங்க முடியாததால், ஆண் குரலின் அடிப்பகுதிகூட மூலையில் இருக்கும் சப்வூஃபரிலிருந்து வரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதால் திசையை எளிதில் கண்டுபிடிக்க முடியாது, 150-ல் கண்டுபிடித்துவிடும்.

9. இப்போது ரிசீவர்

ஸ்பீக்கர் எண்ணிக்கை தெரியும். 5.1.2-க்கு 7 சேனல் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி), 5.1.4-க்கு 9. இரண்டு ஆண்டில் உயர ஸ்பீக்கர் சேர்ப்பீர்களென்றால் இன்றே 7 சேனல் எடுங்கள்.

வாட் எண்ணைப் படிக்கும்போது அதன் பக்கத்தில் உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். “8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் இயங்கும்போது, 0.08 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு)” என்றிருந்தால் அது நேர்மையான எண். “6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல், 10 சதவீத டிஸ்டார்ஷன்” என்றிருந்தால் அதே ரிசீவரே இன்னும் மிகப் பெரிய எண் காட்டும். இரண்டு ரிசீவரை ஒப்பிடும்போது முதல் வகை எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். எல்லா சேனலும் ஒரே நேரத்தில் இயங்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது இதைவிடக் குறையும். படங்களில் அப்படிப்பட்ட நொடிகள் குறைவு என்பதால் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

எச்டிஎம்ஐ-யில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று ஈ-ஆர்க்: டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயர் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஆர்க் வசதியின் மேம்பட்ட வடிவம். டிவியின் ஆப்களிலிருந்து வரும் சுருக்கப்பட்ட அட்மாஸுக்குச் சாதாரண ஆர்க் போதும். டிஸ்க் பிளேயரை டிவியில் செருகி, டால்பி ட்ரூஹெச்டி போன்ற இழப்பில்லா ஒலியை ரிசீவருக்கு அனுப்ப ஈ-ஆர்க் தேவை. ஆப்டிகல் வயரில் அட்மாஸ் வரவே வராது. இரண்டாவது, 4கே 120 ஹெர்ட்ஸ் கேம் கன்சோல். அந்த வசதியில்லாத ரிசீவர் என்றால் கன்சோலை நேராக டிவியில் செருகி ஒலியை மட்டும் ஈ-ஆர்க் வழியே கொண்டுவரலாம். அதற்காகவே விலை உயர்ந்த மாடலுக்குப் போகத் தேவையில்லை.

கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்தது அறைத் திருத்த வசதிதான்: மைக் வைத்து அளந்து, அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்வது. டிராக் லைவ், ஆடிஸியின் எக்ஸ்டி32 போன்றவை சப்வூஃபர் வரை நுணுக்கமாகத் திருத்தும். அடிமட்ட மாடல்களில் உள்ள எளிய வகைகள் தூரத்தையும் அளவையும் சரிசெய்வதோடு பெரும்பாலும் நின்றுவிடும். பின்னாளில் தனி ஆம்ப் சேர்க்க நினைத்தால், பெருக்காத ஒலியை அதற்கு அனுப்பும் ப்ரீ-அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். “7.2” என்று எழுதியிருந்தாலும் பல மாடல்களில் இரண்டு சப்வூஃபர் அவுட்டும் ஒரே சிக்னலைத்தான் தரும். இரண்டையும் தனித்தனியே சரிசெய்யும் மாடலா என்று கையேட்டில் தேடுங்கள்.

10. வயர்

சுத்தச் செம்பு வயர். 10 மீட்டர் வரை, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் போதும்: போக வர 20 மீட்டருக்கு மின்தடை 0.23 ஓம்தான், ஸ்பீக்கரின் 8 ஓமில் 3 சதவீதம். 4 ஓம் ஸ்பீக்கருக்கும் அதைவிட நீண்ட தூரத்துக்கும் 2.5. செம்பு பூசிய அலுமினிய வயர் பார்க்க அதே போல இருக்கும், மின்தடை ஒன்றரை மடங்கு வரும். தோலை உரித்துக் கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

11. இணைக்கும் வரிசை

அ. ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலை செய்யுங்கள். வயர் முனையை 1 சென்டிமீட்டர் உரித்து இறுக முறுக்குங்கள். ஓர் இழை வெளியே நீட்டிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட்தான். வயர் முனையில் மாட்டும் பனானா பிளக் இந்த ஆபத்தை நீக்கும்.

ஆ. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் அதன் அதிரும் கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பாஸ் கரைந்துவிடும், நடுவில் நிற்க வேண்டிய குரல் இரண்டு பக்கமும் சிதறும்.

இ. சென்டரை அலமாரிக்குள் தள்ளாதீர்கள். முன்விளிம்பு அலமாரியின் விளிம்போடு ஒட்டி நிற்கட்டும், ட்வீட்டர் உங்கள் காதைப் பார்த்துச் சாயட்டும். சின்ன ரப்பர் துண்டு வைத்தால் போதும்.

ஈ. சப்வூஃபரின் இடம். அதைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். மேலும் கீழும் ஏறி இறங்கும் பாஸ் இசை போடுங்கள். வைக்கச் சாத்தியமான இடங்களில் எல்லாம் குனிந்து, காதைத் தரையருகே கொண்டுபோய்க் கேளுங்கள். எங்கே ஒவ்வொரு சுரமும் ஒரே பலத்தில் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபர் போகட்டும். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் இது பலன் தரும்: ஒலி எழும் இடமும் கேட்கும் இடமும் இடம் மாறினாலும் அறை அதே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

உ. சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் குமிழை (எந்த அதிர்வெண்ணில் ஒலியை வெட்டுவது என்பதைத் தீர்மானிப்பது) மிக உயர்ந்த எண்ணுக்குத் திருப்புங்கள். வெட்டும் வேலையை ரிசீவர் மட்டும் செய்யட்டும்.

ஊ. ஃபேன், ஏசி அணைத்துவிட்டு மைக் அளவீட்டை ஓட்டுங்கள். மைக் ஸ்டாண்டில், காது உயரத்தில். சோஃபா முதுகில் சாத்தி வைத்தால் அதன் பிரதிபலிப்பையும் சேர்த்து அளந்துவிடும்.

எ. அளவீடு முடிந்ததும் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். ரிசீவர் பல நேரம் ஸ்பீக்கரை “லார்ஜ்” என்று பதிவு செய்யும். அப்படியானால் அந்தச் சேனலின் பாஸ் சப்வூஃபருக்குப் போகாது. எல்லாவற்றையும் “ஸ்மால்” ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ரிசீவர் தானாக 100 அல்லது 120 என்று வைத்திருந்தால் குறைக்காதீர்கள், அந்த ஸ்பீக்கரால் அதற்குக் கீழே இறங்க முடியவில்லை என்று அது கண்டிருக்கிறது. சப்வூஃபரின் தூரம் உண்மையைவிட ஒரு மீட்டர் அதிகமாகக் காட்டினாலும் தொடாதீர்கள். அதற்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்த கணக்கு அது.

ஏ. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்டைப் “பாஸ்-த்ரூ” (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) ஆக்குங்கள். மறந்தால் 5.1 ஒலி இரண்டு சேனலாகச் சுருங்கி வரலாம். ரிசீவரின் திரையில் “டால்பி அட்மாஸ்” என்று எழுத்து வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

12. சரியாக வரவில்லையென்றால்

வசனம் மங்கலா? முதலில் சென்டரின் சாய்வையும் அலமாரி விளிம்பையும் பாருங்கள். பிறகு சென்டர் அளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். இரவில் குறைந்த ஒலியில் பார்ப்பவர்கள் டைனமிக் ரேஞ்ச் சுருக்கத்தை இயக்கினால் வசனத்துக்கும் வெடிக்கும் உள்ள இடைவெளி குறையும்.

ஒரு இருக்கையில் பாஸ் உறுமல், பக்கத்து இருக்கையில் வெறுமையா? ஒலியளவுக் குமிழால் இதைத் தீர்க்க முடியாது. சப்வூஃபரை நகர்த்துங்கள்.

ரிசீவர் சத்தமான காட்சியில் தானாக அணைகிறதா? நீட்டிய வயர் இழை, குறைந்த ஓம் ஸ்பீக்கர், காற்றோட்டம் ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். ரிசீவரின் மேல் குறைந்தது 10 சென்டிமீட்டர் காலியாக இருக்க வேண்டும். அதன் மேல் செட்-டாப் பாக்ஸை அடுக்கக் கூடாது.

சப்வூஃபரில் தொடர்ந்து “ம்ம்” என்ற இரைச்சலா? கேபிள் டிவி வயரை ரிசீவரோடு சேரும் சங்கிலியிலிருந்து கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது வெவ்வேறு எர்த் இணைப்புகளுக்கிடையே சுற்றும் மின்னோட்டம். சப்வூஃபரையும் ரிசீவரையும் ஒரே பிளக் பலகையில் இணையுங்கள், தேவைப்பட்டால் கேபிள் வயரில் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் போடுங்கள். இரைச்சல் போகிறதே என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடாதீர்கள். உள்ளே கசிவு ஏற்பட்டால் மின்சாரம் பெட்டியின் உலோகத்துக்கு வந்து நிற்கும்.